இரண்டு விரல் இடம்

ஜனவரி 12

அன்புள்ள ஊசி,

நான் நலம், அளவு மாறவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? ரயிலில் கால் நீட்ட இடம் கிடைத்ததா? தங்கச்சி வீட்டு மாடிப்படி உன் இடுப்பு வலிக்கு ஒத்துக்கொள்கிறதா?

நீ போய் ஒரு வாரம்தான் ஆகிறது, அதற்குள் பட்டறையில் ஆளாளுக்கு நாட்டாமை. மாஸ்டர் நேற்று என்னைக் கேட்காமல் ஒரு கோட்டுக்குக் காலரை மாற்றிவிட்டார். கேட்டால், "ஊசியம்மா இருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பாங்க" என்கிறார். முப்பத்தோரு வருஷம் நான் டிசைன் வரைந்து வெட்ட, நீ தைத்து முடித்த இடம். இப்போது நான் வெட்டியது வெட்டியபடியே மேஜையில் கிடக்கிறது. பட்டன் அக்கா நன்றாகத்தான் தைக்கிறாள், ஆனால் கடைசித் தையலுக்கு வந்ததும் கையை எடுத்துவிடுகிறாள். "அது அவங்க மூட வேண்டியதும்மா" என்று ஒரே பிடிவாதம். செப்டம்பர் ஷோவுக்கு இருபது உடுப்பு. சீக்கிரம் வந்து மூடு.

உன் அளவுப் பொம்மை ஜன்னலோரம் நிற்கிறது. முதல் அறை எடுத்த வருஷம் ஒருத்திக்கு ஒருத்தி பழைய பனியனைப் போட்டுவிட்டு, மேலே பசைத்தாளைச் சுற்றிச் சுற்றி ஒட்டி, காயும்வரை அசையாமல் நிற்கவைத்து, முதுகில் வெட்டி உரித்துப் பஞ்சு அடைத்தோமே, நினைவிருக்கிறதா? நான் உன் உடம்பின் மேல் வெட்டிப் பழகியவள், நீ என் உடம்பின் மேல் தைத்துப் பழகியவள். அதனால்தான் என் பொம்மையை நீ தூக்கிக்கொண்டு போனபோது வாயைத் திறக்கவில்லை. ரயிலில் அதற்கும் டிக்கெட் கேட்டார்களா?

நீ கிளம்பிய அன்று மாதத்தின் முதல் திங்கள். வழக்கப்படி அளந்தேன், பஞ்சு அமுங்கினால் தெரிய வேண்டுமே. உனக்கு மார்பு முப்பத்தாறு, இடுப்பு முப்பது. பொம்மையின் கழுத்தில் தொங்கும் அட்டையில் எழுதிவிட்டேன். நீயும் என்னை அளந்து எழுது. உடம்பைப் பார்த்துக்கொள். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

உன் கத்திரி


ஜனவரி 30

அன்புள்ள கத்திரி,

நலம். நீயும் பட்டறையில் எல்லோரும் சுகம்தானே? இடுப்பு வலி பரவாயில்லை. தங்கச்சி ஒரு டாக்டரை அழைத்து வந்தாள். அவர் எல்லாம் வயசுதான் என்றார். பதில் தாமதமானதற்குக் காரணம் ஒன்றுமில்லை, சோம்பல்.

உனக்கு டிக்கெட் கேட்கவில்லை. எதிர் இருக்கைக் குழந்தை உன் தோளுக்கு பிஸ்கட் ஊட்டியது. இங்கே என் கட்டிலுக்கு எதிரே நிற்கிறாய். வந்த அன்றே தங்கச்சி உன் மேல் போர்வையைப் போட்டுவிட்டாள். "என்னையே பாக்குதுக்கா" என்றாள். தலையே இல்லாதது எப்படியடி பார்க்கும் என்று கேட்டேன். "அதாங்க்கா பயமா இருக்கு" என்றாள். அவள் போனதும் போர்வையை எடுத்துவிட்டேன். எனக்குப் பேச்சுத்துணை வேண்டாமா?

உனக்கு மார்பு நாற்பது, இடுப்பு முப்பத்தைந்து. கண் படப்போகிறது.

நான் பக்கத்தில் இல்லாவிட்டால் நீ லூஸ் விட மறந்துவிடுவாய். உனக்குத் துணி உடம்போடு ஒட்ட வேண்டும், எனக்கு உடுத்தியவள் மூச்சுவிட வேண்டும். இத்தனை வருஷச் சண்டை. இரண்டு விரல் நுழைய இடம், அவ்வளவுதான் கேட்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

ஊசி


பிப்ரவரி 4

அன்புள்ள ஊசி,

நான் நலம். நீ நலம்தானே? ஏன் கேட்கிறேன் என்றால், திங்களன்று உன்னை அளந்தேன். மார்பு முப்பத்துநாலரை, இடுப்பு இருபத்தெட்டு. டேப் நீண்டுவிட்டதோ என்று புது டேப்பை எடுத்து அளந்தேன், அதுவும் அதையே சொன்னது. பஞ்சு அமுங்கும், தெரியும். வருஷத்துக்குக் கால் அங்குலம் அமுங்கும். ஒரே மாதத்தில் இவ்வளவா? அங்கே உன்னைப் பட்டினி போடுகிறார்களா?

உன் மேல் அப்போதுதான் ஒரு ஜாக்கெட்டை மாட்டி வைத்திருந்தேன், கொடியில் போட்டதுபோல் தொங்கியது. வேறு வழியில்லாமல் முதுகுத் தையலைப் பிரித்துப் பஞ்சு வைத்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்து நானே மூடினேன். சிரிக்காதே. கோணல்மாணலாக இருந்தாலும் மூடியது மூடியதுதான். இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் கத்திரி


மார்ச் 1

அன்புள்ள கத்திரி,

நலம். நிஜமாகவே நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

என்னவோ தெரியவில்லை, பிப்ரவரி முதல் வாரத்திலிருந்து அப்படி ஒரு பசி. தங்கச்சி தட்டில் வைக்க வைக்கக் காலி செய்கிறேன். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தைக்கும்போது மாட்டுவேனே, அந்தப் பித்தளைத் தொப்பி, அது விரலில் நிற்காமல் உருண்டு ஓடிக்கொண்டிருந்தது. இப்போது கச்சிதமாக நிற்கிறது. நேற்று மொட்டை மாடி வரை ஏறிப்போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

இத்துடன் இரண்டு கைகள் தைத்து அனுப்பியிருக்கிறேன், பச்சைக் கோட்டுக்கு. நீ மூடிய அழகைக் கற்பனை செய்து சிரித்தேன். உன் தையல் கச்சாத் தையல்தானே, ஒரு மாதம் நிற்குமா பார். மாஸ்டர், பட்டன் அக்கா எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

ஊசி


ஏப்ரல் 8

அன்புள்ள ஊசி,

நான் நலம். நீ நலமா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, பதில் வேண்டும்.

மார்ச்சில் நாலு தடவை உன்னைப் பிரித்து அடைத்தேன். அடைத்த மறுநாள் சரியாக இருக்கிறாய், வாரக் கடைசியில் தோள் இறங்கிவிடுகிறது. பிரித்து உள்ளே கையை விட்டால், நான் வைத்த புதுப் பஞ்சு இல்லை. முப்பத்தோரு வருஷத்துப் பழைய பஞ்சு மட்டும் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தரையில் ஒரு இழைகூட இல்லை. மாஸ்டர் எலி என்கிறார். தையலைப் பிரித்துத் தின்றுவிட்டுத் திரும்ப மூடிவிட்டுப் போகும் எலியை நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். நான் அடைத்த வாரத்தில் உன் கடிதம் கலகலவென்று வருகிறது. அடைக்காமல் விட்ட வாரத்தில் எழுதியது ஒரு வரி அட்டை, அதிலும் கையெழுத்து சாய்ந்து கிடக்கிறது. நான் முட்டாள்தனமாக எதையோ நினைக்கிறேன், நீ திட்டிக் கடிதம் போட்டால் நிம்மதியாக இருக்கும். காதில் பூ மட்டும் சுற்றாதே. உனக்கு உடம்புக்கு என்ன?

இங்கே விசேஷமாக ஒன்றுமில்லை. என் கோட்டைப் பிடித்துத் தைக்கட்டுமா என்று பட்டன் அக்கா கேட்கிறாள். பழைய துணி, தளர்ந்துவிட்டது. பதில் எழுது.

உன் கத்திரி


மே 19

அன்புள்ள கத்திரி,

உன் நலம் எப்படி? என் நலத்தைச் சொல்லத்தான் ஆறு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

வயிற்றில் கட்டி ஒன்று வளர்கிறது. நவம்பரிலேயே தெரியும். இடுப்பு வலி என்று சொன்னது பொய். சொல்லியிருந்தால் நீ பட்டறையைப் பூட்டிவிட்டு என் தலைமாட்டில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணியிருப்பாய், செப்டம்பர் ஷோவும் போயிருக்கும். உன் கண்ணெதிரே துரும்பாக இளைத்துக்கொண்டே போக எனக்கு மனசில்லை. அதனால் ஓடிவந்துவிட்டேன், மன்னித்துவிடு.

டாக்டர் ஏப்ரல் வரைதான் என்றார். இப்போது வாரா வாரம் வந்து, ரிப்போர்ட்டில் இருப்பது என் பெயர்தானா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிகிறது. நீ நினைத்தது முட்டாள்தனம் இல்லையடி.

ஏப்ரல் மூன்றாவது வாரம் எனக்குள் என்ன செய்தாய்? இரண்டு நாள் மூச்சு முட்டியது. விலா எலும்புக்கு உள்பக்கமிருந்து யாரோ உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் திணித்ததுபோல் இருந்தது. கோபத்தில் இடமே விடாமல் அடைத்திருப்பாய். எத்தனை தடவை சொல்வது? லூஸ் விடு.

ஊசி


மே 24

அடி பாவி,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. உன் கடிதத்தை வெட்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்து படித்தேன், மாஸ்டர் பார்க்கக்கூடாது என்று. அரைநாள் அங்கேயே அழுதேன். நவம்பரில் நாம் இருவரும் பச்சைக் கோட்டின் பையை உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்று மூன்று நாள் சண்டை போட்டோம். அப்போதே உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு பைக்காகச் சண்டை போட்டிருக்கிறாய்.

போகட்டும். ஏப்ரலில் திணித்தது தப்புதான், என் கையை உடைக்க வேண்டும். இப்போது தினமும் காலையில் வந்ததும் முதல் வேலை நீதான். கைப்பிடி கைப்பிடியாக வைத்து, இரண்டு விரல் விட்டு மூடுகிறேன். நேரில் வரலாம் என்று பெட்டிகூடக் கட்டினேன். ஆனால் உன்னை மாஸ்டர் கையில் விட்டுவிட்டு வர பயமாக இருக்கிறது. தூக்கிக்கொண்டு வந்தால் வழியில் என் தையல் பிரிந்துவிட்டால் என்ன செய்வது? தவிர, படி இறங்கும்போது தலை சுற்றுகிறது. வெயில்தான்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. ஒரு சுற்றுப் பெருத்தே விட்டேன். நீ சாகமாட்டாய், கேட்டுக்கொள். என்னிடம் பஞ்சு நிறைய இருக்கிறது.

கத்திரி


ஜூன் 14

அன்புள்ள கத்திரி,

ஒரு சுற்றுப் பெருத்த உன் உடம்பு எப்படி இருக்கிறது?

உன் கழுத்து அட்டை என் கையில் இருக்கிறது. ஜனவரியில் மார்பு நாற்பது. பிப்ரவரியில் முப்பத்தொன்பது, பஞ்சு அமுங்கியது என்று நினைத்தேன். மார்ச்சில் முப்பத்தேழரை. ஏப்ரல் முப்பத்தாறு, மே முப்பத்துநாலு. இந்த மாதம் முப்பத்தொன்றரை. உனக்கு எழுதவில்லை, அது என் தப்பு. மாஸ்டருக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டேன். அவர் பதிலில் ஒரு வரி: "அம்மா கோட்டுக்குள்ள இன்னொரு ஆள் நிக்கலாம், கேட்டா துணி தளந்து போச்சுங்கறாங்க."

நீ எனக்குள் வைத்ததெல்லாம் எங்கிருந்து வந்தது என்று இப்போதாவது தெரிகிறதா? தெரிந்துதான் செய்தாயா? அப்படியென்றால் உன்னைவிடப் பெரிய பாவி இல்லை. நான் உயிரோடிருக்க ஆசைப்படவில்லை என்று சொல்லமாட்டேன். மாடியில் உட்கார்ந்து வெயில் காய்ந்த அந்த மார்ச் மாதம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஆனால் உன் தோளெலும்பின் மேல் உட்கார்ந்து எனக்கு வெயில் காய வேண்டாம்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் என் முதுகைப் பிரித்து, நீ வைத்ததை எல்லாம் எடுத்துவிடு. உன் தையல்தானே, ஒரு நூலை இழுத்தால் வந்துவிடும். அதனால்தான் உன் பஞ்சு வாரக்கணக்கில்கூட நிற்கவில்லை. நீ செய்யாவிட்டால் நான் செய்வேன். நீ என் அறையில் நிற்கிறாய், ஊசி என் கையில் இருக்கிறது. நான் மூடினால் பிரியாது, உனக்கே தெரியும்.

ஊசி


ஜூன் 19

அன்புள்ள ஊசி,

நலம். முடியாது.

தெரிந்துதான் செய்தேன், ஏப்ரலிலிருந்து. நாற்பது அங்குலம் ஒருத்திக்கு எதற்கு? பாதிப் பாதியாக வைத்துக்கொள்வோம். நீ முப்பத்துமூன்று, நான் முப்பத்துமூன்று. இரண்டு பேருக்கும் ஒரே பேட்டர்ன் போதும், மாஸ்டருக்கு வேலை மிச்சம். தையலைப் பிரிக்கிற கத்தியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். உன்னால் நான் இல்லாமல் இருக்க முடியுமா என்று கேள், முடியாது என்பாய். எனக்கும் அதே பதில்தான். வேளைக்குச் சாப்பிடு.

கத்திரி


ஜூலை 8

ஊசி,

நலமா? பதில் போடு. மூன்று வாரமாகிறது.

திங்களன்று உன்னை அளந்தேன், இருபத்தொன்பது. நேற்று காலை மேஜையில் உட்கார்ந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் மூடியிருந்தது, காற்றே இல்லை. உன் இடது தோள் மெல்ல இறங்கியது. பிறகு வலது தோள். ஒரு தையல்கூட விடவில்லை. பூட்டைத் திறந்து, பிரித்து, இருக்கிற பஞ்சை எல்லாம் போட்டேன். கை முழங்கை வரை போகிறது, எதுவும் தட்டுப்படவில்லை. பஞ்சு மூட்டையும் காலியாகிவிட்டது.

இன்று என் கோட்டின் பட்டன் சரியாக உட்கார்ந்தது. பட்டன் அக்கா கைதட்டினாள். "இப்பத்தாம்மா பழைய மாதிரி இருக்கீங்க" என்றாள். அவள் மேல் பாய்ந்து கத்திவிட்டேன், பாவம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

நிறுத்துடி. பாதிப் பாதி என்றுதானே சொன்னேன். இருபதாம் தேதிக்குத்தான் ரயிலில் இடம் கிடைத்தது. நான் வரும்வரை அந்தப் பொம்மையைத் தொடாதே. உன் காலில் விழுகிறேன்.

கத்திரி


ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சி எழுதுவது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். என் அக்காவும் கடைசிவரை அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அக்கா போய்விட்டாள். வலி இல்லை. உங்கள் கடைசிக் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மூன்று வாரமாக அவள் வேறு எதுவும் செய்யவில்லை. தன் தலையணையைப் பிரித்தாள், பிறகு மெத்தையைப் பிரித்தாள். பஞ்சை விரலால் பிய்த்துப் பிய்த்து உங்கள் பொம்மைக்குள் வைத்தாள். அவள் உடம்பு நாளுக்கு நாள் உள்ளே போய்க்கொண்டிருந்தது. "ஏங்க்கா இப்படி வருத்திக்கறே, நான் அடைச்சுத் தரேன் குடு" என்றேன். "உனக்கு லூஸ் விடத் தெரியாதுடி. அவளுக்கும் தெரியாது. நான்தான் விடணும்" என்றாள். சனிக்கிழமை முழுக் காலைப் பொழுதும் முதுகுத் தையலை மூடினாள். நூலை வெட்டக் கத்திரியை எடுத்துக் கொடுத்தேன், வாங்கவில்லை. பல்லால் கடித்து அறுத்தாள். பொம்மைக்கு ஒரு உடுப்பை மாட்டி, இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாய்ந்தாள்.

தூக்க வந்தவர்கள் நாலு பேர். ஒருவரே போதும் என்று மற்றவர்கள் தள்ளி நின்றார்கள். படுக்கையில் உடுப்பு மட்டும் கிடப்பதுபோல இருந்தது அக்கா. அதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீங்கள் அழுதுகொண்டு ரயிலேற வேண்டாம், ஷோவை முடிக்கட்டும் என்று சொல்லச் சொன்னாள். பொம்மையைப் பார்சலில் அனுப்புகிறேன். கட்டும்போது அதன் மார்பில் கைவைத்தேன், சூடாக இருந்தது. ஜன்னல் வெயில் பட்டிருக்கும். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். அதற்காகத்தான் அவள் அத்தனை பாடுபட்டாள்.

உங்கள் தங்கச்சி


ஆகஸ்ட் 3

அன்புள்ள ஊசி,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் எனக்குக் கடிதம் ஆரம்பிக்கத் தெரியும். எப்படி இருக்கிறாய்?

பார்சலில் நான் வந்து சேர்ந்தேன். உன் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். நீ கம்பில் மாட்டிய பனியன்போல் தொங்குகிறாய். உன் முதுகில் என் கோணல் தையல் அப்படியே இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை.

இன்று முதல் திங்கள், அளந்தேன். என் பொம்மைக்கு மார்பு நாற்பது, இடுப்பு முப்பத்தைந்து. பிறகு பூட்டைத் திறந்து கத்தியை எடுத்தேன். மறைக்க மாட்டேன், என் முதுகைப் பிரித்து எல்லாவற்றையும் உனக்குத் திருப்பி அடைத்துவிடுவது என்றுதான் நின்றேன். உன் தையலைத் தடவிப் பார்த்தேன். எங்கே ஆரம்பித்தாய், எங்கே முடித்தாய் என்று தெரியவில்லை. முடிச்சு விரலுக்குத் தட்டுப்படவில்லை. இத்தனை வருஷத்தில் உன் கடைசித் தையலில் நான் கத்தி வைத்ததில்லை. இன்றும் கை வரவில்லை. எதற்கும் மசியாதவள் நான், என்னைக் கட்டிப்போட்டுவிட்டுப் போய்விட்டாய்.

இருபது உடுப்பும் தயார். பேட்டர்ன் எல்லாவற்றையும் திரும்ப வெட்டினேன், எல்லாவற்றிலும் இரண்டு விரல் விட்டு. சண்டையில் நீ ஜெயித்துவிட்டாய், போ. மூட வேண்டிய தையல்களை நானே மூடினேன். மாஸ்டர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதை மட்டும் உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது. காலையில் கண்ணாடி முன்னால் நின்று என் பழைய கோட்டைப் போட்டுப் பட்டன் மாட்டினேன். அதை வெட்டியவள் நான், அதில் லூஸ் விடவேயில்லை என்று எனக்குத் தெரியும். மார்புக்கும் துணிக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைந்தது. மூச்சை இழுத்தேன், அந்த இடம் நிறைந்தது. மூச்சை விட்டேன். நான் முழுசாக விட்டு முடித்த பிறகும் துணி உடனே அடங்கவில்லை. ஒரு நொடி நிறைந்தே இருந்து, பிறகுதான் மெதுவாக இறங்கியது. பயந்துபோய்ப் பட்டனைக் கழற்றினேன். பிறகு திரும்ப மாட்டிக்கொண்டேன். மூன்று தடவை பார்த்தாயிற்று ஊசி, மூன்று தடவையும் அப்படித்தான்.

இந்தக் கடிதத்தை மடித்து அந்த இரண்டு விரல் இடத்தில்தான் வைக்கப்போகிறேன். வேறு எந்த முகவரி எழுதுவது?

இங்கே எல்லோரும் நலம். அளவு மாறவில்லை.

உன் கத்திரி